எந்த ஊசி போட்டார்கள்

காங்கேசன்துறை
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

கலா எழுதுகிறேன். உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. சளியும் இருமலும் விட்டுவிட்டதென்று வாசித்து ஆறுதல். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று வழமைபோல எழுதத்தான் இருந்தேன், மனம் வரவில்லை.

உங்களுக்கு ஒன்றை மறைத்துவிட்டோம். தைப்பொங்கலுக்குப் பிறகு உங்களைப் பார்க்க வருகிறோம் என்று எழுதிவிட்டு வராமல் விட்டதற்கு, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை. நாங்கள் புறப்பட்டு வந்தோம்.

தீபாவளிக்கு முன் அவருக்குச் சிறுநீர் போகாமல் சலம் அடைத்து ஆஸ்பத்திரியில் குழாய் போட்டது உங்களுக்குத் தெரியும். பிறகு கழற்றியாயிற்று என்றும் எழுதினேன். கழற்றியது உண்மைதான். அன்று பின்னேரமே திரும்ப அடைத்து, துடித்துப்போனார். மறுபடியும் போட்டார்கள். அன்றிலிருந்து குழாயும், தொடையில் கட்டின பையும்தான். அதோடுதான் பஸ் ஏறினோம். ரயில் பாதை திருத்த வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள்.

வவுனியா தாண்டியதும் பையின் அடி மூடி கழன்றுவிட்டது. சீற் நனைந்து, பக்கத்தில் நின்ற ஆட்கள் கீழே வைத்திருந்த சாமானும் நனைந்துவிட்டது. கொண்டக்டர் சிங்களத்தில் ஏசினார். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும், தெற்கத்தைய ஆட்களோடு கடலில் பழகினவர்தானே. "இறங்குவம் பிள்ளை" என்றார். மதவாச்சியில் இறங்கினோம். ஒரு பூட்டின கடைக்குப் பின்னால் நின்று அவர் சாரம் மாற்ற, நான் துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். அப்படியே எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அவர் வாசல் படலையைத் தாண்டுவதில்லை. மயிலிட்டிக்குப் போய் மீன் ஏலம் கூறுவதைப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காத மனிசன், இப்போது அறைக்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அக்கா வந்தால்கூடப் போர்வையை இழுத்து மூடுகிறார். ஒரு வான் பிடித்துக்கொண்டு போவோம் என்று சொல்லிப் பார்த்தேன். "சலப்பையோடை என்ரை பிள்ளைக்கு முன்னாலை போய் நிக்க மாட்டன். உதைக் கழட்டிப்போட்டுத்தான் போவன்" என்கிறார்.

கழற்றுவதென்றால் ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம். சலப்பாதையைச் சுற்றியிருக்கிற சுரப்பி வீங்கிப் போயிருக்கிறது, வெளியில் வெட்டுக் காயம் இல்லாமல் உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுக்கலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஆனால் அவருக்கு முன்பு ஒருமுறை ஹார்ட் அட்டாக் வந்ததால், இருதயத்தைச் சோதித்து, மயக்கம் கொடுக்கிற டொக்டரும் பார்த்த பிறகுதான் நாள் தருவார்களாம். போய் வந்து எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கச்சி
கலா


சிறைச்சாலை
24 மார்ச் 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு வாளியை நிரப்பாமலே திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கொண்டக்டரைத் தேடிப்போய் அடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு, அப்பாவை அந்த பஸ்ஸில் ஏற வைத்தவன் நான்தானே என்று நினைத்தேன்.

இனிமேல் எதையும் மறைக்காதே. மறைத்தால் இங்கே இருந்துகொண்டு நானே நூறு விதமாக நினைப்பேன்.

அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது தீர்ப்பு நாளில். கஞ்சாப் பொதி ஏற்றின படகில் பிடிபட்ட எனக்குப் பதினைந்து வருடம் என்று நீதிபதி வாசித்தபோது, அப்பா பின்வரிசை மர வாங்கில் வெள்ளை வேட்டியோடு இருந்தார். என்னை வெளியே கொண்டுபோகும்போது எழும்பி நின்றார். கிட்ட வர விடவில்லை. பிறகு கொரோனாவும் காசில்லாததும் உங்களை வர விடவில்லை. அந்த முகத்தைத்தான் இந்த நாலு வருடமும் வைத்துக்கொண்டிருக்கிறேன், அது தேய்ந்துகொண்டு போகிறது. கண்ணை மூடினால் இப்போது வேட்டிதான் தெரிகிறது. அவருக்கு எழுபத்தைந்து நடக்கிறது. நான் வெளியே வரும்வரை அவர் இருப்பார் என்று கணக்குப் போட எனக்குத் துணிவில்லை.

சுரண்டுகிற ஒப்பரேஷன் சின்ன வேலை என்று இங்கே சொல்கிறார்கள். இருதயத்துக்கு என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது. உன்னைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. சுன்னாகத்துத் தையல் கடைக்கு இப்போதும் போகிறாயா?

அன்புடன்
அண்ணை குகதாசன்


காங்கேசன்துறை
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

வருடப் பிறப்புக்கு நீங்கள் எழுதின வாழ்த்து மட்டை கிடைத்தது. அப்பா அதைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். கடைக்குப் போய்த்தான் வருகிறேன், அரை நாள்தான் நிற்கிறேன். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு அதற்கு மேல் நிற்க முடியாது.

இருதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்த்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மயக்கம் கொடுக்கிற டொக்டரிடம் போனோம். இளம் ஆள், அளவெட்டிப் பக்கத்துப் பெண் பிள்ளையாம். அவசரப்படாமல் இருத்தி வைத்துக் கதைத்தா.

"ஐயாவின்ரை இருதயம் ஏற்கெனவே ஒருக்கால் அடிபட்டது. தள்ளுற பலம் குறைவு. அதோடை, இரத்தம் வெளியிலை போற வாசல் நல்லா ஒடுங்கிப்போய்க் கிடக்கு" என்று தன் கைவிரல்களை வளையமாகக் குவித்துக் காட்டினா.

கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்ததைக் கேட்டேன். "முழுசா மயக்காமல், முதுகிலை ஊசி போட்டு இடுப்புக்குக் கீழை விறைக்கப் பண்ணிச் செய்யேலாதோ? வயசு போன ஆக்களுக்கு அதுதான் ஆபத்தில்லை எண்டு சொல்லினம்."

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம் தங்கச்சி. ஆயிரக்கணக்கான ஆக்களிலை ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்திருக்கினம். உயிருக்கு வாற ஆபத்திலை பெரிய வித்தியாசம் காணேல்லை. ஐயாவுக்கு விறைப்பு ஊசியிலை வேறை ஒரு பயம் இருக்கு. போட்ட உடனை கீழ் உடம்பிலை இரத்தக் குழாயள் தளர்ந்து பிரஷர் விழும். நல்ல இருதயம் எண்டால் வேகமா அடிச்சுச் சமாளிச்சுப்போடும். வாசல் ஒடுங்கினதாலை இவருக்கு அது ஏலாது. மயக்கிச் செய்தால் பிரஷரை விழாமல் பிடிச்சு வைச்சிருக்கிறது கொஞ்சம் லேசு. ஆனால் மயக்கமும் இந்த இருதயத்துக்குப் பாரம்தான்."

வாசலை மாற்ற முடியாதா என்றும் கேட்டேன். நெஞ்சைத் திறக்க அவருடைய உடம்பு தாங்காதாம். திறக்காமல் மாற்றுகிற முறை இருக்கிறதாம், அது எங்களைப் போன்ற ஆட்களுக்கு எட்டுகிற காரியம் இல்லை.

அப்பா, "செய்யாட்டி என்ன?" என்றார்.

"குழாயோடை இருக்கலாம் ஐயா. மாசத்துக்கு ஒருக்கால் மாத்திறது. கிருமி வந்தால் மருந்து தருவம். அப்பிடிக் கனபேர் இருக்கினம். என்னைக் கேட்டால், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு."

"என்ரை மோன் தூரத்திலை இருக்கிறான் டொக்டர். நான் போய்ப் பாக்கோணும்."

"வெளிநாட்டிலையோ?"

அப்பா, "ஓம்" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒப்பரேஷன் மேசையிலை மட்டும் இல்லை, முடிஞ்சு வாற ரெண்டு மூண்டு நாளும்தான் இருதயத்துக்குக் கூடப் பயம்" என்று சொல்லித்தான் அனுப்பினா. ஓட்டோவில் திரும்பி வரும்போது அப்பா, "எனக்கு யோசிக்க ஒண்டும் இல்லை, நீ ஒப்பரேஷனுக்கு நாளைக் கேள்" என்றார்.

அண்ணை, உங்களிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அவருக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்பரேஷன் வேண்டாம், குழாயோடு வாருங்கள், இல்லாவிட்டால் வராமலே இருங்கள், நான் பொறுத்துக்கொள்வேன் என்று எழுதுங்கள். என் சொல்லை அவர் காதில் விழுத்த மாட்டார். உங்கள் சொல் என்றால் கேட்பார். உங்களால்தான் முடியும்.

உங்கள் தங்கச்சி
கலா


சிறைச்சாலை
12 மே 2024

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து கனநாளாயிற்று. பதில் எழுதவில்லை என்று கோபிக்காதே. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். "அப்பா, ஒப்பரேஷன் வேண்டாம்" என்று முதல் வரியை எழுதிவிடுகிறேன். அடுத்த வரி வரவில்லை. வேண்டாம் என்றால் வரவேண்டாம் என்றுதானே அர்த்தம். குழாயோடு அவர் வரமாட்டார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் கேட்டவன் எழும்பிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவான். நான் என் பெயர் வராது என்று தெரிந்தும் சட்டையைத் தோய்த்து வைத்திருக்கிறேன். அப்பாவை ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும் கலா. கம்பிக்கு இந்தப் பக்கமாக நின்று என்றாலும் பரவாயில்லை. என்னைச் சுயநலக்காரன் என்று நீ நினைத்தால் நினை. என்னால் வேண்டாம் என்று எழுத முடியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனமாகக் கேள். என்னோடு இருக்கிற முத்துக்குமாரு என்பவருக்கு அறுபத்தெட்டு வயது, இருதய நோய்க்கும் குளிசை மருந்து போடுகிறவர். போன வருடம் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். முதுகில்தான் ஊசி போட்டார்களாம். டொக்டர்மாரோடு கதைத்துக்கொண்டே படுத்திருந்தாராம். அன்று பின்னேரமே தேத்தண்ணீர் குடித்தாராம். இப்போது என்னிலும் நன்றாக நடக்கிறார். மயக்க ஊசிதான் கெடுதல். நித்திரையாக்கினால் வயது போன இருதயம் திரும்ப எழும்பாது என்று அவர் சொல்கிறார். அந்த டொக்டர் இளம் ஆள் என்கிறாய். அவவுக்கு என்ன அனுபவம் இருக்கப்போகிறது? முதுகு ஊசி என்றால்தான் சம்மதம் என்று அடித்துச் சொல்லு. அப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது. எனக்கு மனம் சொல்கிறது.

கீழே இருப்பதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு.

அப்பா, கெதியாச் சுகமாகி வாங்கோ. உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறன்.

அண்ணை


காங்கேசன்துறை
9 ஜூன் 2024

அண்ணைக்கு,

நீங்கள் கேட்டபடி வாசித்துக் காட்டினேன். அப்பா திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி, அந்தக் கடைசி வரி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதில் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். அன்றைக்கே எழும்பித் தாடி வழித்தார். சேட் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் போய் நின்றார். நாகேஸ்வரி அக்கா வேலிக்கு அப்பால் நின்று, "என்ன நடராசா அண்ணை, உசாராய் நிக்கிறியள்" என்று கேட்க, "மோன் வரச் சொல்லியிருக்கிறான்" என்றார். தைப்பொங்கலுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் சிரித்ததைப் பார்த்த பிறகும் எனக்கு உங்களில் கோபம் போகவில்லை. நான் கேட்டது ஒன்று, நீங்கள் அனுப்பியது வேறொன்று. எனக்குப் பதிலாக நீங்கள் இந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு தலையணை வைத்துப் படுத்தாலும் அவருக்கு மூச்சு இளைக்கிறது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு தரம் நிற்கிறார். அதை நீங்கள் காணவில்லை.

முதுகு ஊசியைப் பற்றி நீங்கள் எழுதியதை அந்த டொக்டரிடம் சொன்னேன். கோபிக்கவில்லை. "உங்கடை அண்ணை பயத்திலை சொல்லுறார், எனக்கு விளங்குது. அந்த ஆளுக்கு இந்த வாசல் ஒடுக்கம் இருந்திருக்காது. இவருக்கு நான் மயக்கித்தான் செய்வன். பெரிய டொக்டரோடையும் கதைச்சிட்டன்" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தா. "படிச்ச பிள்ளை நீங்கள். எது போட்டாலும் போடுங்கோ. எனக்குக் குழாய் கழண்டால் போதும்" என்றார் அப்பா. அவர் கையெழுத்து வைத்தார். வீட்டு ஆள் என்று நானும் வைத்தேன்.

வருகிற கிழமை ஆஸ்பத்திரி வாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் லீவு கேட்டிருக்கிறேன், முதலாளி முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இந்தியாவுக்கு விட்ட கப்பல் நின்றது நின்றபடிதான், துறைமுகத்தடியில் சனம் இல்லை. வெயில் கடுமை. உங்களிடம் கோவிலில் போய்க் கும்பிடுங்கள் என்று சொல்லவும் முடியாது. இருந்த இடத்தில் இருந்து கும்பிடுங்கள்.

கலா


ஆஸ்பத்திரி
20 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

முதலில் நல்ல செய்தி. ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. அப்பா கண் விழித்துவிட்டார்.

காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். முழு மயக்கம்தான் கொடுத்தார்கள். கையில் தனியாக ஒரு சின்னக் குழாய் வைத்து, பிரஷர் விழாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். டொக்டர் தானே வெளியே வந்து, "நாங்கள் நினைச்சதை விட நல்லாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனா. அவவின் முகத்திலும் ஒரு களைப்பு இருந்தது. எனக்கு அவவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்பா விழித்ததும், "முடிஞ்சுதோ?" என்றார். முடிந்தது என்றேன். "பஸ்ஸிலை எந்தப் பக்கம் வெயில் படாது எண்டு விசாரிச்சு வை" என்றார். பின்னேரம் கொஞ்சம் கஞ்சி குடித்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு போட்ட புதுக் குழாயை நாளை மறுநாள் கழற்றிப் பார்ப்பார்களாம்.

விறாந்தை வாங்கில் இருந்துதான் எழுதுகிறேன். ஓட்டோக்காரப் பொடியன் டினேஸ் போகும் வழியில் தபாலில் போடுவதாகச் சொல்லி நிற்கிறான். உங்களோடு கோபமாக எழுதியதை மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்னதும் நல்லதற்குத்தான் போல. ஆடி முடிய வருகிறோம் அண்ணை. உங்கள் சட்டையைத் தோய்த்து வையுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி
கலா


சிறைச்சாலை
11 ஜூலை 2024

கலா,

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெயரைக் கூப்பிட்டார்கள். நீங்கள்தான் சொல்லாமல் வந்துவிட்டீர்களோ என்று சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். மேசையில் இருந்த அதிகாரி, யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை போன் எடுத்தா, அப்பா இறந்துவிட்டாராம் என்று சிங்களத்தில் சொன்னார். விளங்காத மாதிரி நின்றேன். திரும்பவும் சொன்னார். செத்த வீட்டுக்குப் போகக் கேட்டேன். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். தூரம் அதிகம், காவலுக்கு ஆள் இல்லை என்று மறுநாள் மறுமொழி வந்தது.

அதற்கு அடுத்த கிழமை உன் கடிதம் வந்தது. அப்பா கண் விழித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். முத்திரையில் இருந்த திகதியைப் பார்க்க முன்னம், அந்த அதிகாரி வேறு யாருக்கோ வந்த செய்தியை என்னிடம் மாறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்துவிட்டேன். முத்துக்குமாருவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர்தான் திகதியைக் காட்டினார்.

முழு மயக்கம்தான் கொடுத்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் என்ன எழுதினேன்? முதுகு ஊசி என்றால்தான் சம்மதம் என்று சொல்லச் சொன்னேன். நீ ஏன் கையெழுத்து வைத்தாய்? நான் அங்கே இல்லை என்பதற்காக என் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லையா? ஒரு இளம் டொக்டர் சொன்னதை வேதமாக எடுத்தாய். முதுகில் போட்டிருந்தால் அப்பா இன்றைக்கு இருந்திருப்பார்.

என்ன நடந்தது என்று ஒன்றும் விடாமல் எழுது.

குகதாசன்


காங்கேசன்துறை
4 ஆகஸ்ட் 2024

அண்ணைக்கு,

உங்கள் கடிதம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னமே வந்துவிட்டது. காரியங்கள் முடியட்டும் என்று இருந்தேன். நீங்கள் கேட்டபடி ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை தாதி மிஸ்ஸிமார் குழாயைக் கழற்றினார்கள். அப்பா இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தார். நான் கையைப் பிடித்துக் கக்கூஸ் வாசல் வரை கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வரும்போது முகம் எல்லாம் சிரிப்பு. "பிள்ளை, தானாப் போகுது" என்றார். பக்கத்துக் கட்டில்காரரிடமும் போய்ச் சொன்னார். அந்த மனிசனும் கையைப் பிடித்துச் சந்தோசப்பட்டார்.

மத்தியானம் சோறு கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, வயிறு ஊதின மாதிரி இருக்கிறது என்றார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தேன். நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்து வேர்த்திருந்தது. மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவுடன் ஓடினா. டொக்டர்மார் வந்து நெஞ்சில் வயர்களைப் பூட்டிப் பார்த்தார்கள். "நெஞ்சு நோகுதோ ஐயா?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். "இல்லை, நோகேல்லை, இளைக்குது" என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னார். நோவில்லாமலே அட்டாக் வந்திருக்கிறது. வயது போன ஆட்களுக்கு, அதுவும் ஒப்பரேஷனுக்குப் பிறகு, அப்படித்தான் வருவதாம். சுவாசப்பையில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வேறு வாட்டுக்குக் கொண்டுபோய் மெஷின் பூட்டினார்கள். ஞாயிறு காலை முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன் பிரகாஸ்.

அந்தியேட்டி முடிந்த பிறகு நான் அந்த டொக்டரிடம் போனேன். உங்கள் கேள்வியை அப்படியே கேட்டேன். முதுகு ஊசி போட்டிருந்தால் இருந்திருப்பாரோ என்று.

அவ, "தெரியாது தங்கச்சி" என்றா. "அதைப் போட்டிருந்தால் மேசையிலையே பிரஷர் விழுந்து போயிருக்கலாம். ஒண்டும் நடக்காமலும் விட்டிருக்கலாம். ரெண்டாம் நாள் வந்த அட்டாக், எந்த ஊசி போட்டிருந்தாலும் வந்திருக்கும் எண்டுதான் நான் நம்புறன். ஆனால் நிச்சயமா எண்டு சொன்னால் அது பொய்." பிறகு, "நானும் அதையேதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றா.

அவ பொய் சொல்லியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்து நினைத்தேன். ஏதாவது ஒன்றை உறுதியாகச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

நான் ஏன் கையெழுத்து வைத்தேன் என்று கேட்கிறீர்கள். நான் வைக்காவிட்டாலும் அவர் போயிருப்பார். நீங்கள் வரச் சொல்லிவிட்டீர்கள். நான் உங்களிடம் எந்த ஊசி என்று கேட்கவில்லை அண்ணை. ஒப்பரேஷன் வேண்டாம் என்று எழுதச் சொல்லித்தான் கேட்டேன். நீங்கள் எழுதவில்லை. அந்தக் கடிதம் எழுதப்படாததற்குப் பிறகு எந்த ஊசி போட்டார்கள் என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டிருக்க உங்களுக்கு அது வேண்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு விளங்குகிறது, அதனால்தான் இதை எழுதவா விடவா என்று இவ்வளவு நாள் வைத்திருந்தேன். ஒன்றும் விடாமல் எழுது என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

உங்களைப் பழி சொல்ல எழுதவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அவரைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டிருப்பேன். எனக்கும் இப்போது உங்களைத் தவிர ஆள் இல்லை. மார்கழி பிறக்க முன்னம் உங்களைப் பார்க்க வருகிறேன். வரட்டுமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

கலா


காங்கேசன்துறை
15 டிசம்பர் 2024

அண்ணைக்கு,

நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. இடையில் நான் போட்ட இரண்டு கடிதங்களும் கிடைத்தனவா என்றும் தெரியவில்லை. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை வந்தேன்.

வாசலில் என் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். பார்க்க வந்த சனம் எல்லாம் நீட்டு வாங்கில் இருந்தது. உங்கள் பெயரைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், எனக்கும் கேட்டது. ஒவ்வொருவராக உள்ளிருந்து வந்தார்கள். ஒரு தாய் கம்பிக்குள் விரலை விட்டு மகனின் காதைப் பிடித்துக்கொண்டு கதைத்தா. நான் உங்களை அடையாளம் பிடிக்க வேண்டுமே என்று வருகிற எல்லா முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். பிறகு தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு காவலர் வந்தார். "அண்ணா வர மாட்டாங். நான் போய்க் கதைச்சது. வர மாட்டாங்" என்றார். சுகமில்லையோ என்று கேட்டேன். சுகமாக இருக்கிறார், சாப்பிடுகிறார், வேலை செய்கிறார் என்றார். அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

நேரம் முடிந்து எல்லோரையும் எழுப்பும்வரை இருந்தேன். நான் தைத்துக் கொண்டுவந்த இரண்டு சேட்டுகளையும் சவர்க்காரத்தையும் உங்களிடம் கொடுக்க எடுத்தார்கள். பலகாரத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். சேட்டின் தோள் அளவு பழைய அளவுதான், இப்போது சரியாக இருக்குமோ தெரியாது.

நான் எழுதியது உங்களால் தாங்க முடியாமல் போயிருக்கும். அதைத் திருப்பி எடுக்க முடியாது. எடுத்தாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் அப்பாவைத் தடுக்கவில்லை, நானும் கையெழுத்து வைத்தவள். எதிரெதிரே இருந்து இதைச் சொல்லலாம் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தேன்.

சுன்னாகத்துக் கடையில் என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இருந்து தைக்கிறேன். தனிய இருக்காதே, இரவில் வந்து தன் வீட்டில் படு என்று நாகேஸ்வரி அக்கா சொல்கிறா. போகவில்லை. நான் எங்கே படுத்தால் என்ன.

திரும்ப வரச் சொல்லிக் கேட்டால் வருவேன். கேட்காவிட்டால் வரமாட்டேன். தபால்காரன் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது மெஷினை நிறுத்திவிட்டு எழும்பிப் பார்க்கிற பழக்கம் ஒன்று எனக்கு வந்துவிட்டது. இந்த மாதத்தோடு அதை விட்டுவிடப் பார்க்கிறேன்.

கலா